உயிரணு வழித்தட மென்பொருள்களின் வரலாறு

உயிரணு வழித்தடம் என்பது ஓர் உயிரணுவுக்குள் (செல்) ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் வேதிவினைகளின் தொடர் ஆகும். ஒரு வினையின் விளைபொருள் அடுத்த வினைக்கு மூலப்பொருளாகிறது. ஒவ்வொரு படியையும் பெரும்பாலும் ஒரு நொதி நடத்துகிறது. குளுக்கோசு மூலக்கூறு பத்துப் படிகளில் பைருவேட்டாக மாறும் கிளைக்காலிசிஸ், பள்ளி மாணவர்களும் அறிந்த வழித்தடம். இவ்வாறு உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றுபவை வளர்சிதைமாற்ற வழித்தடங்கள். உயிரணுவின் வெளிப்புறத்தில் வந்து சேரும் ஒரு செய்தியை உட்கருவரை எடுத்துச் செல்பவை சமிக்ஞை வழித்தடங்கள்.

இத்தகைய வழித்தடங்களை வரைந்து காட்டவும், அவை எப்படி இயங்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கவும் இன்று பல மென்பொருள்கள் உள்ளன. சுவரில் ஒட்டும் படமாகத் தொடங்கிய இவ்வரைபடம் கணினியில் இயங்கும் மாதிரியாக மாறிய வரலாற்றையும், அதில் இந்திய ஆய்வாளர்களின் பங்கையும், குறிப்பாகக் காசநோய்க் கிருமியின் வழித்தடங்களை வரைய இங்கு நடந்த முயற்சிகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

சுவர்ப்படக் காலம்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் உயிர்வேதியியலாளர்கள் வழித்தடங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தனர். ஹான்ஸ் கிரெப்ஸ் 1932இல் கர்ட் ஹென்சலைட்டுடன் சேர்ந்து யூரியா சுழற்சியையும், 1937இல் சிட்ரிக் அமிலச் சுழற்சியையும் வெளியிட்டார். கிளைக்காலிசிஸின் படிகள் 1940ஆம் ஆண்டளவில் தெளிவாயின. இவை தனித்தனிக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்தன. ஒரு வழித்தடத்தின் விளைபொருள் இன்னொரு வழித்தடத்தில் எங்கே நுழைகிறது என்பதை ஒரே பார்வையில் காண வழியில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் டொனால்ட் நிக்கல்சன் 1955இல் தம் மாணவர்களுக்காக வளர்சிதைமாற்ற வழித்தடங்களை ஒரே தாளில் இணைத்து வரைந்தார். பின்னர் அது அச்சிடப்பட்டு உலகெங்கும் உயிர்வேதியியல் துறைகளின் சுவர்களில் இடம்பெற்றது. புதிய கண்டுபிடிப்புகளைச் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. 1960களில் ஜெர்மனியின் போரிங்கர் மான்ஹைம் நிறுவனத்துக்காகக் கெர்ஹார்ட் மிஷால் உருவாக்கிய வரைபடமும் இதேபோல் பரவலாகப் பயன்பட்டது.

இந்தப் படங்கள் பாடம் நடத்தப் போதுமானவை. ஆனால் அவற்றில் இருந்தது அம்புக்குறி மட்டுமே. எந்த வினை வேகமாக நடக்கும், ஒரு நொதியை நிறுத்தினால் எது தேங்கும், எது வற்றும் என்ற கேள்விகளுக்கு அம்புக்குறியில் விடையில்லை. பிழையைத் திருத்துவதும் எளிதன்று. அச்சிட்டவர் அடுத்த பதிப்பில் திருத்தினால்தான் உண்டு.

கணக்கிடும் முயற்சிகள்

வினையின் வேகத்தைக் கணக்கிடும் முயற்சி வரைபடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. லியோனோர் மிகேலிஸும் மாட் மென்டனும் 1913இல் நொதியின் வேகத்துக்கும் மூலப்பொருளின் செறிவுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாகத் தந்தனர். 1943இல் அமெரிக்க ஆய்வாளர் பிரிட்டன் சான்ஸ், நொதிவினையின் சமன்பாடுகளைத் தீர்க்க, பற்சக்கரங்களாலும் தண்டுகளாலும் இயங்கிய வகையீட்டுப் பகுப்பி என்ற இயந்திரக் கணிப்பானைப் பயன்படுத்தினார்.

மின்னணுக் கணினிகள் வந்தபின் இந்த வேலை எளிதானது. எனினும் நெடுங்காலம் ஒவ்வொரு ஆய்வாளரும் தமக்கான நிரலைத் தாமே எழுதிக்கொண்டனர். நிரல் எழுதத் தெரியாத உயிரியலாளர் இத்துறைக்குள் நுழைய முடியவில்லை. இந்தத் தடையை நீக்கிய தொடக்கக் கருவிகளில் ஒன்று, பெத்ரோ மெண்டஸ் 1993இல் வெளியிட்ட கெப்பாசி. வினைகளை வழக்கமான வேதிச் சமன்பாடாகத் தட்டச்சு செய்தால் அதற்குரிய வகைக்கெழுச் சமன்பாடுகளை மென்பொருளே அமைத்துத் தீர்த்தது. இதன் வழிவந்த கோப்பாசி 2006இல் அறிமுகமாகி இன்றும் புழக்கத்தில் உள்ளது.

மரபணுத்தொகுதிகளும் தரவுத்தளங்களும்

1995இல் ஹீமோபிலஸ் இன்புளுயன்சா என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதி படித்தறியப்பட்டது. அதன்பின் ஆண்டுதோறும் புதிய உயிரிகளின் மரபணுப் பட்டியல்கள் வரத் தொடங்கின. இந்த மரபணுக்கள் எந்த நொதியை உருவாக்குகின்றன, அந்த நொதி எந்த வழித்தடத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று பொருத்திப் பார்க்கும் தேவை எழுந்தது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கிய கெக் தரவுத்தளம் இத்தேவையை நிறைவு செய்தது. ஒரே பொது வழித்தட வரைபடத்தின்மீது எந்த உயிரியின் மரபணுக்களையும் வண்ணமிட்டுக் காணலாம் என்பது அதன் சிறப்பு. அமெரிக்காவில் பீட்டர் கார்ப் குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு எக்கோசைக் என்ற தரவுத்தளத்தை உருவாக்கினர். 1999இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாரு டொமிட்டா குழுவினர், 127 மரபணுக்கள் மட்டும் கொண்ட ஒரு கற்பனை உயிரணுவை ஈ-செல் என்ற மென்பொருளில் இயக்கிக் காட்டினர்.

பொது மொழி

2000ஆம் ஆண்டளவில் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. ஒரு மென்பொருளில் உருவாக்கிய மாதிரி இன்னொன்றில் திறக்கவில்லை. ஆய்விதழில் அச்சான சமன்பாடுகளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒரு குறியீடு தவறினாலும் விடை மாறிவிடும். மென்பொருள் கைவிடப்பட்டால் அதில் எழுதப்பட்ட மாதிரிகளும் வீணாயின.

ஹிரோவாக்கி கிட்டானோவின் ஜப்பானிய ஆய்வுத் திட்டத்தின் ஆதரவில், அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் மைக்கேல் ஹக்கா உள்ளிட்டோர் எஸ்பிஎம்எல் என்ற பொது வடிவத்தை உருவாக்கினர். இதன் முதல் நிலை 2001இல் வெளிவந்தது. எந்த மூலக்கூறுகள் உள்ளன, எந்த வினையில் எது நுழைந்து எது வெளிவருகிறது, வேகச் சமன்பாடு என்ன என்பவற்றை எந்த மென்பொருளும் படிக்கத்தக்க உரைக்கோப்பாக எழுதும் முறை இது. 2005இல் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் இத்தகைய மாதிரிகளைச் சேமித்து வழங்கும் பயோமாடல்ஸ் தரவுத்தளத்தைத் தொடங்கியது.

படம் வரையும் முறைக்கும் இதே போன்ற ஒழுங்கு வந்தது. ஓர் ஆய்வாளரின் படத்தில் அம்புக்குறி ஊக்குவித்தலைக் குறித்தால், இன்னொருவரின் படத்தில் அதே அம்புக்குறி இடப்பெயர்ச்சியைக் குறித்தது. மின்சுற்றுப் படத்தில் மின்தடைக்கும் மின்கலத்துக்கும் உலகெங்கும் ஒரே குறியீடு இருப்பதுபோல, வழித்தடப் படத்துக்கும் பொதுக்குறியீடுகளை எஸ்பிஜிஎன் என்ற பெயரில் 2009இல் வெளியிட்டனர்.

இக்காலத்தில் வந்த முக்கியக் கருவிகள் சில:

செல்டிசைனர்: அகிரா ஃபுனாஹாஷி குழுவினர் 2003இல் அறிமுகப்படுத்தியது. படமாக வரைந்தால் அதுவே எஸ்பிஎம்எல் மாதிரியாகச் சேமிக்கப்படும்.

சைட்டோஸ்கேப்: அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய திறந்த மூல மென்பொருள். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு இடையிலான தொடர்புகளை வலைப்பின்னலாகக் காட்டும்.

கோப்ரா கருவித்தொகுப்பு: கலிபோர்னியாவில் பெர்ன்ஹார்ட் பால்சன் குழுவினர் 2007இல் வெளியிட்டது. முழு உயிரணுவின் வளர்சிதைமாற்றத்தையும் கணக்கிட உதவும்.

விக்கிபாத்வேஸ்: 2008இல் அறிமுகமானது. தொடக்கத்தில் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின்மீது கட்டப்பட்டிருந்தது. கணக்குத் தொடங்கிய எவரும் வழித்தட வரைபடத்தைத் திருத்தலாம்.

சுவர்ப்படக் காலத்தில் வரைபடத்தைத் திருத்தும் உரிமை அச்சிட்டவரிடம் மட்டுமே இருந்தது. இப்போது அது தொலைவில் இருந்த ஆய்வாளர்கள், மாணவர்கள் கைக்கும் வந்தது. இந்தியாவில் பின்னர் நடந்த காசநோய் முயற்சிக்கு இம்மாற்றம் அடிப்படையாக அமைந்தது.

இந்தியாவில் தொடக்கம்

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா, இந்தியாவில் இத்துறையின் முன்னோடி. நரம்பணுக்களின் மின்செயல்பாட்டைக் கணக்கிட உருவான ஜெனிசிஸ் மென்பொருளில், வேதி வழித்தடங்களையும் இயக்கிப் பார்க்கும் கைனெடிகிட் என்ற இணைப்பை அவர் உருவாக்கினார். அதைக் கொண்டு நியூயார்க்கின் ரவி அய்யங்காருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு 1999 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வந்தது. தனித்தனியாக எளிமையான சமிக்ஞை வழித்தடங்கள் ஒன்றோடொன்று பின்னூட்டமாக இணையும்போது புதிய பண்பு தோன்றுகிறது என்று அது காட்டியது. சிறிது நேரமே வந்த ஒரு சமிக்ஞை நின்றுபோன பின்னும், போட்ட விளக்கு எரிந்துகொண்டே இருப்பதுபோல, அந்த இணைப்பு செயல்நிலையிலேயே நிற்கக்கூடும். உயிரணு ஒரு செய்தியை எப்படி நினைவில் வைக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாகக் கருதப்பட்டது. படத்தைப் பார்த்து மட்டும் இம்முடிவுக்கு வந்திருக்க முடியாது. அவரது குழு 2003இல் சமிக்ஞை மாதிரிகளுக்கான டாக்ஸ் என்ற தரவுத்தளத்தையும் வெளியிட்டது.

அகிலேஷ் பாண்டே 2002இல் பெங்களூரில் தொடங்கிய உயிர்த்தகவலியல் நிறுவனம், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மனிதப் புரதங்களைப் பற்றிய தகவல்களைத் தொகுத்தது. அதன் நெட்பாத் தொகுப்பு, நோய் எதிர்ப்பு, புற்றுநோய் தொடர்பான சமிக்ஞை வழித்தடங்களுக்கு 2010இல் வெளிவந்தது. அவ்வரைபடங்கள் விக்கிபாத்வேஸ் தளத்திலும் சேர்க்கப்பட்டன.

காசநோய்க் கிருமியின் வழித்தடங்கள்

காசநோய் ஆய்வில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம், சானடோரியத்தில் சேர்ப்பது கட்டாயமன்று என்பதை 1959இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியது. அதில் பயன்பட்ட மருந்துகளுள் ஒன்று ஐசோநியாசிட். 1952 முதல் பயன்பாட்டில் இருந்த இம்மருந்து, கிருமிக்குள் எந்த நொதியைத் தாக்குகிறது என்பது அப்போது தெரியாது. இன்ஹெச்ஏ எனப்படும் அந்நொதி 1994இல்தான் அடையாளம் காணப்பட்டது. மருந்து கைக்கு வந்து 42 ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் இலக்கு தெரிந்தது.

1998இல் காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி வெளியானது. அதில் 44 இலட்சம் எழுத்துகளும் ஏறக்குறைய 4,000 மரபணுக்களும் உள்ளன. பல மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகிவந்த நிலையில், இந்த 4,000இல் எதைத் தாக்கினால் கிருமி சாகும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் ராமன், பிரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை ஒரு வழித்தடத்தில் சோதித்தது. காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற மேலுறைக்கு மைக்காலிக் அமிலம் இன்றியமையாதது. அதை உருவாக்கும் வழித்தடத்தை 197 வளர்சிதைப்பொருள்கள், 219 வினைகள், 28 புரதங்கள் கொண்ட மாதிரியாக அவர்கள் அமைத்தனர்.

அவர்கள் பயன்படுத்திய முறைக்குப் பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு என்று பெயர். ஏரிப் பாசனத்தைக் கொண்டு இதை விளக்கலாம். வாய்க்கால் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் வந்த நீரின் அளவும் பிரிந்து சென்ற நீரின் அளவும் சமமாக இருக்க வேண்டும். வாய்க்கால்களின் அமைப்பும் ஒவ்வொன்றின் கொள்ளளவும் தெரிந்தால், நீரோட்டத்தின் வேகத்தை ஒவ்வோரிடத்திலும் அளக்காமலேயே கடைமடைக்கு அதிகபட்சம் எவ்வளவு நீர் போகும் என்று கணக்கிடலாம். ஒரு மதகை அடைத்துவிட்டு மீண்டும் கணக்கிட்டால், அது இன்றியமையாத மதகா என்பதும் தெரியும். உயிரணுவில் மதகு என்பது நொதி. இவ்வாறு ஒவ்வொரு நொதியாக அடைத்துப் பார்த்ததில், ஏற்கெனவே அறியப்பட்ட இன்ஹெச்ஏ இலக்காக வெளிப்பட்டது. அதனுடன் பிகேஎஸ்13 உள்ளிட்ட வேறு சில புரதங்களும் இலக்காகலாம் என்று கணிப்பு காட்டியது. அறிந்த விடையைக் கணிப்பு தானாகவே கண்டடைந்தது, அறியாத விடைகளையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

2008 செப்டம்பரில், சமீர் பிரம்மச்சாரி தலைமை இயக்குநராக இருந்த அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம், திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மென்பொருள் துறையில் லினக்ஸ் உருவானதுபோல, காசநோய் மருந்து ஆய்வையும் எல்லாரும் பங்கேற்கும் வகையில் இணையத்தில் நடத்துவது இதன் நோக்கம். இதன் ஒரு பகுதியான 'கனெக்ட் டு டீகோட்' முயற்சியில் நாடெங்குமுள்ள கல்லூரி மாணவர்களும் ஆய்வாளர்களும் நூற்றுக்கணக்கில் சேர்ந்தனர். வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு மரபணுவும் என்ன செய்கிறது, எதனோடு தொடர்புகொள்கிறது என்று பொதுவான படிவத்தில் பதிவதே அவர்கள் பணி.

2012இல் பிளாஸ் ஒன் இதழில் இதன் முடிவு வெளிவந்தது. 1,434 புரதங்கள், அவற்றுக்கிடையே 2,575 தொடர்புகள் கொண்ட வலைப்பின்னல் அது. அதன் அடிப்படையில் 17 புரதங்கள் மருந்து இலக்குகளாக முன்மொழியப்பட்டன. அவற்றுள் ஐந்து, ஏற்கெனவே ஆய்வகச் சோதனைகளில் உறுதியானவை. 2014இல் 890 மரபணுக்களை உள்ளடக்கிய வளர்சிதைமாற்ற மாதிரி ஒன்றும் பொதுத்தரங்களைப் பின்பற்றி வெளியிடப்பட்டது. நாடெங்கும் பிரிந்திருந்தவர்கள் எழுதியவற்றை ஒன்றாகச் சேர்க்க முடிந்ததற்குப் பொது வடிவமே காரணம்.

இரட்டை இலக்குகள்

ஒரு நொதியை அடைத்தால் உயிரணு மாற்றுவழியைப் பயன்படுத்திக்கொள்வது உண்டு. பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூரிலிருந்து திருச்சிக்குச் செல்பவர் கிழக்கே பெரம்பலூர் சென்று தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். மேற்கே துறையூர் சென்று அங்கிருந்தும் போகலாம். ஒரு சாலையை மட்டும் மறித்தால் பயணம் நிற்பதில்லை. இரண்டையும் ஒருசேர மறித்தால்தான் தடைபடும். உயிரணுவிலும் தனித்தனியே நீக்கினால் பாதிப்பில்லாத, ஆனால் சேர்த்து நீக்கினால் உயிரணு சாகும் மரபணுச் சோடிகள் உள்ளன.

பல நூறு மரபணுக்களில் இத்தகைய சோடிகளைத் தேடினால் இலட்சக்கணக்கான சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். மூன்று மூன்றாகத் தேடினால் எண்ணிக்கை கோடிகளைத் தொடும். சென்னை ஐஐடியில் கார்த்திக் ராமன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஃபாஸ்ட்-எஸ்எல் என்ற நெறிமுறை, தேவையற்ற சேர்க்கைகளை முன்பே கழித்துவிட்டு இத்தேடலைப் பெருமளவு சுருக்கியது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளை உண்டாக்கும் எல்லா வழிகளையும் பட்டியலிடும் மெட்குவெஸ்ட் என்ற கருவியை அதே குழு 2018இல் வெளியிட்டது.

வரைபடத்தின் வரம்புகள்

இக்கருவிகளின் கணிப்புகள் உள்ளீடு செய்த தகவலைப் பொறுத்தவை. சோதனைக்குழாயில் அளந்த நொதி வேகம் உயிரணுவுக்குள்ளும் அதேபோல் இருக்கும் என்ற உறுதி இல்லை. செயல்பாடு அறியப்படாத மரபணுக்கள் மாதிரியில் இடம்பெறுவதில்லை. மாதிரியில் இல்லாத மாற்றுவழி உயிரணுவில் இருக்கலாம்.

மருந்து இலக்கைக் கணிப்பதும் மருந்தைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. 2012இல் அமெரிக்க அனுமதி பெற்ற பெடாகுயிலின், காசநோய்க்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த புதிய வகை மருந்து. அது வழித்தட மாதிரியிலிருந்து வரவில்லை. வேதிச்சேர்மங்களை உயிருள்ள பாக்டீரியாவின்மீது நேரடியாகச் சோதித்துக் கண்டறியப்பட்டது. அதன் இலக்கு நொதி பின்னரே தெரியவந்தது. வழித்தட மென்பொருள்கள் ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல. எதை முதலில் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்க அவை உதவுகின்றன. பணமும் நேரமும் குறைவாக உள்ள ஆய்வகங்களுக்கு அந்த உதவி பெரியது.

பராமரிப்பு இன்னொரு சிக்கல். நிதிப் பற்றாக்குறையால் 2011இல் கெக் தரவுத்தளம், தரவுகளை மொத்தமாகப் பதிவிறக்குவதற்குக் கட்டணம் விதித்தது. தொகுப்பவர்கள் நிறுத்திவிட்டால் வரைபடம் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். பொது வடிவத்தில் சேமித்தவற்றைப் பிறர் எடுத்துத் தொடரலாம் என்பதால் இழப்பு ஓரளவு குறைகிறது.

இன்றைய நிலை

2012இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் கோவர்ட் குழுவினர், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற சிறு பாக்டீரியாவின் 525 மரபணுக்களையும் உள்ளடக்கிய முழு உயிரணு மாதிரியை வெளியிட்டனர். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது பல நாட்டு ஆய்வாளர்கள் வைரசுக்கும் மனித உயிரணுவுக்கும் இடையிலான வழித்தடங்களைக் கோவிட்-19 நோய் வரைபடமாகத் தொகுத்தனர். செல்டிசைனர், விக்கிபாத்வேஸ் ஆகியவற்றில் பல குழுக்கள் வரைந்த படங்களை ஒரே தொகுப்பாக்க முடிந்ததற்கு இருபது ஆண்டுகளாக உருவாகிவந்த பொதுத்தரங்களே அடிப்படை.

கோப்பாசி, சைட்டோஸ்கேப், செல்டிசைனர் ஆகிய மூன்றையும் கட்டணமின்றிப் பதிவிறக்கிச் சாதாரண மடிக்கணினியில் இயக்கலாம். முதலிரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். எனவே குரும்பலூர் போன்ற ஊரில் படிக்கும் கல்லூரி மாணவரும் பயோமாடல்ஸ் தளத்திலிருந்து கிளைக்காலிசிஸ் மாதிரியை எடுத்து, ஒரு நொதியின் அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று அன்றே பார்க்க முடியும். பாடநூலில் மனப்பாடம் செய்த பத்துப் படிகளும் அப்போது அளவுகளாக மாறித் தெரியும்.

இக்கருவிகளின் இடைமுகமும் வரைபடப் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆனால் எஸ்பிஎம்எல் வடிவத்தில், கணினிக்கான அடையாளக் குறியீடும் மனிதர் படிப்பதற்கான பெயரும் தனித்தனியே எழுதப்படுகின்றன. அந்தப் பெயரை ஒருங்குறியில் எந்த மொழியிலும் எழுதலாம். அதாவது, மாதிரியின் கணக்கு சிறிதும் மாறாமல் அதன் மூலக்கூறுகளுக்கும் வினைகளுக்கும் தமிழ்ப் பெயரிட வடிவமைப்பிலேயே இடமுண்டு. பள்ளி, கல்லூரிப் பாடங்களில் உள்ள சில வழித்தடங்களுக்கேனும் தமிழ்ப் பெயர்களுடன் கூடிய மாதிரிகளை உருவாக்குவது, கலைச்சொல் அறிந்த ஆசிரியர்களும் கணினி அறிந்த மாணவர்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய பணியாகும்.